சிறுவாச்சூர் முள்சீத்தாவும் மாவுப்பூச்சியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பழங்களிலும் செடிகளிலும் ஒட்டிக்கொண்டு வரும் மாவுப்பூச்சிகள் இன்னவை என்று கண்டுசொல்வது என் வேலை. சிறுவாச்சூர்ப் பக்கம், பினாங்கிலிருந்து வந்த முள்சீத்தா மரம் ஒன்றில் வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதாகத் தகவல் வந்தது. மாசி மாதம் கிளம்பினேன்.

ரயிலில் அரியலூர். அங்கிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் போனதால் புழுதிக்குப் பயந்து ஷட்டரை இறக்கியே வந்தோம். பெரம்பலூரில் பஸ் மாறி, திருச்சி சாலையில் எட்டு கிலோமீட்டர். அன்று வெள்ளிக்கிழமை, காளி கோயில் கூட்டத்தில் நின்றபடியே பயணம். (டிக்கெட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், மறந்துவிட்டது.)

மரம் செல்லம்மாளுடையது. அவர் கணவர் பினாங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்த கன்று. மரம் காய்க்கும் முன்பே காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பக்கத்துக் கொல்லைப் பருத்தியிலும் அதே வெள்ளை.

"செத்தும் கெடுத்துட்டான்னு பேசுறாங்க சார்," என்றார் செல்லம்மாள்.

பருத்திக்காரர் பெரியசாமி அங்கேயே நின்றார். "வெளிநாட்டுப் பூச்சிங்க. வெட்டிக் கொளுத்தச் சொல்லுங்க. எங்க பொழப்பே போவுது."

லென்ஸில் பார்த்தேன். முதுகில் இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் இரண்டு வால். எந்தப் பூச்சி என்று ஓர் ஊகம் வந்தது. ஆனால் மேலிருக்கும் மாவை நீக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது. சீத்தா, பருத்தி, பெரியசாமியின் கிணற்றடிக் கொய்யா மூன்றிலிருந்தும் பெண் பூச்சிகளைத் தனித்தனி ஸ்பிரிட் குப்பிகளில் போட்டேன்.

"முடிவு தெரியற வரைக்கும் வெட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சென்னையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், மூன்றும் ஒரே பூச்சி. நம் ஊர்க் கொய்யாவிலும் பருத்தியிலும் வெகுகாலமாக இருப்பது. கடிதம் போட்டிருக்கலாம், மனம் கேட்கவில்லை. பங்குனியில் மறுபடி போனேன்.

மரம் இருந்த இடத்தில் கரி கிடந்தது.

"தெனம் பேச்சு வாங்க முடியல சார். நானே வெட்டிக் கொளுத்திட்டேன்," என்றார் செல்லம்மாள்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். செல்லம்மாள் கரியருகே குந்தினார். பிறகு கேட்டார்: "அப்ப, அவரு கொண்டாந்தது இல்லையா?"

"இல்லைங்கம்மா. இது இங்க முன்னயிருந்தே இருக்கறது."

"இத எங்கிட்டச் சொல்லி என்ன சார்? வாங்க."

என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான் விவரம் சொல்ல, பெரியசாமி கொய்யா இலையில் லென்ஸை வைத்து அதே கறுப்புக் கோடுகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "தப்பாப் பேசிட்டேன் தங்கச்சி."

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுண்ணே. பேசுன எடத்துல எல்லாம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கோயில் நடை திறக்கும் திங்கள், வெள்ளி என்றால் பஸ்ஸில் இடம் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவந்தால் பையில் ஒளிக்காமல் துறைமுகத்திலேயே சோதனைக்குக் காட்டுங்கள். எல்லாப் பூச்சியும் இதுபோல உள்ளூர்ப் பூச்சியாக இருக்காது. மரத்தில் வெள்ளை கண்டால் கிளையை ஒடித்து ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், அவர் சொல்லும்வரை பொறுங்கள்.

அன்று நான் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் பெரியசாமியின் குரல் கேட்டது. "அந்த மனுசன் கொண்டாந்தது இல்லையாம்ப்பா. நம்ம கொய்யாவுலயே இருந்துருக்கு."