அம்மான் என்னும் ஊரிலிருந்து

எனக்குப் பதினொரு வயதானபோது அம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஜோர்டானுக்குத் தையல் வேலைக்குப் போனாள். நல்லூரில் எங்கள் வீதியில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் தைத்தவர்கள்தான். விமானம் ஏறிப் போய்த் தைத்தவள் அம்மா ஒருத்திதான். அவள் இருந்த நகரத்துக்குப் பெயர் அம்மான். மாமன் முறையில் ஓர் ஊரா என்று பெரியப்பா சிரித்தார். நான் அவருடைய செல்போனில் தேடிப் பார்த்தேன். கோயமுத்தூரிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் சார்ஜாவில் இறங்கி மாறினாலும் பத்து, பதினொரு மணி நேரம். கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சற்றுத்தான் அதிகம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பித்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, சாயப்பட்டறையில் வேலையில் இருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெரியப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். அவள் அழுகையில் "வந்தர்றேனுங்க, வெச்சிருங்க" என்பது மட்டும்தான் புரிந்ததாம்.

எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. "நாளைக்குக் காலைல அம்மா வந்துருமுங்க" என்றேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் சொன்ன கணக்கு, பெரியவர்களும் நம்பினார்கள். அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் பொழுது சாய்ந்தும் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

"பத்து மணி நேரத்துல வர்ற ஊருதானே? மனசிருந்தா வந்திருக்க மாட்டாளா?" என்றாள் அத்தை. நான் சொல்லிக்கொடுத்த கணக்கேதான். புதன்கிழமை காலை அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். போனை என்னிடம் கொடுத்தார்கள்.

"நாளைக்குப் போலாம்னுட்டாங்க கண்ணு. நான் வரட்டுமா?"

அவள் அப்படிக் கேட்டது என் ஆத்திரத்தைக் கூட்டியது. அத்தையின் குரல் அப்படியே என் வாயில் வந்தது.

"அப்பாவ எடுத்தாச்சு. இனி நீ வந்து என்ன பண்ணப் போற?"

அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சலாக இருந்தது. "சரி கண்ணு" என்றாள்.

ஒப்பந்தம் முடிந்து, பதினேழு மாதம் கழித்துத்தான் வந்தாள். ஜரிகைத் தாள் சுற்றிய மிட்டாய் கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. அதன்பின் எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஏன் வரவில்லை என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். அவளோடு அங்கே தைத்த ஓர் அக்கா துக்கம் விசாரிக்க அருள்புரத்திலிருந்து வந்திருந்தார்.

"எங்க பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ்லதான் பூட்டி வெச்சிருப்பாங்க. உங்கம்மா ரெண்டு நாள் அந்தக் கதவு முன்னாலயே உக்காந்திருந்துச்சு கண்ணு, போன ரூம்லயே போட்டுட்டு, பச்சத்தண்ணி குடிக்காம. மூணாம் நாள் பாஸ்போர்ட்ட வாங்கிக் கையில வெச்சுக்கிட்டுத்தான் உனக்குப் போன் பண்ணுச்சு. பேசி முடிச்சதும் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துருச்சு."

வா என்று சொல்ல அன்றைக்கு அவளுக்கு என்னைத் தவிர யாருமே இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.