எனக்கு மட்டும் வந்த பாடம்

என் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றை மறைக்கிறார் என்பது எனக்கு இங்கிலீஷில்தான் தெரியவந்தது. தமிழில் அவர் வாயே திறக்கவில்லை.

ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டை என்ற ஊரில், எங்கள் வீட்டு மாடி அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையல் என் பொறுப்பு. ஜீப்பில் ஊர் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு. அவருக்கு டிரைவர் இங்கிலீஷ் உண்டு. எனக்கு 'எஸ்', 'நோ', 'ஹாட் வாட்டர்', இதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. ரூம் கேட்டு யாராவது இங்கிலீஷில் பேசினால் ஃபோனை அவரிடம் நீட்டிவிடுவேன். அவர் என்ன பேசினார், எதற்குச் சிரித்தார் என்று பக்கத்தில் நின்றும் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேரைப் போல முன்னேற வேண்டும் என்றெல்லாம் நான் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் போகவில்லை. என் வீட்டில் எனக்குப் புரியாமல் ஒரு பேச்சு நடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சந்தேகம் எனக்கு அப்பா வழியில் வந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். காப்பிப் பழ மூட்டையை அவிழ்த்து, அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் ஒருநாளும் தராசில் ஏற்ற விட்டதில்லை. நானும் அப்படித்தான். கேஸ் சிலிண்டரைக்கூட ஆட்டிப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வேன். கொண்டுவருகிற ஆள் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்து மேல் அறையில் ஒரு மாதம் தங்கினாள். பெங்களூரில் வேலை, தமிழ் நன்றாகப் பேசுவாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எங்கெங்கோ இருப்பவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனாலும் நான் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். "உங்களுக்கும் சொல்லித் தர்றேங்க" என்று அவளாகவே ஆரம்பித்தாள். சும்மா யாரும் எதையும் தர மாட்டார்களே என்று முதலில் யோசனையாகத்தான் இருந்தது. தினமும் ஒரு கூடுதல் தோசை வைத்து மனதைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அவள் பாடம் நடத்தும் விதமே வேறு. இலக்கணம் என்று ஒரு வார்த்தை பேச மாட்டாள், எழுதியும் தர மாட்டாள். யாருக்கோ நிஜமாக நடந்த ஒரு சின்னக் கதையைத் தன் குரலில் பதிவு செய்து ஃபோனுக்கு அனுப்புவாள். பஸ்ஸில் குடையைத் தொலைத்த ஒருவர், கல்யாண வீட்டில் வேறு பந்தலுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த குடும்பம், இப்படி. யாருக்கும் பெயர் இருக்காது. கேட்க வேண்டும், ஊகிக்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். கடைசியில் கேள்விகள் வரும், பதிலைப் பேசி அனுப்ப வேண்டும். குடை பஸ்ஸில் இருந்தது என்பதற்குப் பதிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், "இன்னும் அங்கயேவா இருக்கு? ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க" என்பாள். நேற்று நடந்ததை நேற்று நடந்ததாகச் சொல்ல இப்படிக் கேலிபட்டுத்தான் பழகினேன். ஊருக்குக் கிளம்பும்போது தன் மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்துவிட்டுப் போனாள்.

தை மாதம் ஒரு மத்தியானம், வாசலில் காயப்போட்டிருந்த காப்பியைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு கதை வந்தது. குரூப்பில் அன்றைக்கு வந்திருந்தது வேறு கதை. இது எனக்கு மட்டும் தனியாக வந்திருந்தது. வழக்கமாகக் கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்பவள், இதில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் வேகத்திலேயே சொல்லியிருந்தாள். தலையும் வாலும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மலை, டிரைவர், மனைவி. அப்புறம், அந்த மனைவி கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள் என்று வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அடுத்த வாக்கியத்தில் 'ஹைட்' என்றாள். அது எனக்குத் தெரியும். குழந்தைகள் ஒளிந்து விளையாடும் கதையில் வந்த வார்த்தை. டிரைவர் ஒன்றை மனைவியிடமிருந்து ஒளிக்கிறார். அதற்கப்புறம் டீக்கடை என்று ஒன்று வந்தது, சின்ன பாட்டில் என்று ஒன்று வந்தது. மீதியெல்லாம் பிடி கொடுக்காமல் ஓடிவிட்டது. அந்த டிரைவர் அப்போது பத்தடி தள்ளி ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, டீக்கடைக்கு எதுக்குங்க தெனமும் ரெண்டு தரம் போறீங்க? ஊட்ல டீ இல்லீங்களா?" என்றேன்.

"சவாரி ஏதாச்சும் கெடைக்குமான்னுதான் புள்ள" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

இந்தத் திரும்பாமல் பேசுவது மழைக்காலத்திலிருந்தே இருந்தது. பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிடுவார். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். சாயங்கால சவாரி என்றால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். சூரியன் மறைவதைப் பார்க்கத்தானே பாதிப் பேர் ஏற்காட்டுக்கு வருகிறார்கள், அந்த நேரத்தில் வண்டியை எடுக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? பாட்டில் என்று காதில் விழுந்ததும் எல்லாம் எனக்குச் சேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் தூங்கிய பிறகு வாயை மோந்து பார்த்தேன். ஏலக்காய் டீ வாசனைதான் வந்தது. அதற்கும் சமாதானமாகவில்லை. வாசனையை மறைக்க ஏலக்காய் மெல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ் ஏறி, அவர் போகும் டீக்கடை இருக்கும் ஒண்டிக்கடை முக்குக்கே போய்விட்டேன். டீக்கடைக்காரரிடம், "எங்க ஊட்டுக்காரரு இங்க பாட்டில் ஏதாச்சும் வெச்சிருக்கறாருங்களா?" என்று நேராகவே கேட்டேன். "பால் பாட்டில்தானுங்க இருக்குது, வேணுங்களா?" என்றார். சொல்லிவிட்டு, ஒருதரம் துடைத்த டேபிளையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஆம்பிளையை ஆம்பிளை விட்டுக்கொடுக்க மாட்டான். ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதைதான் எனக்கு வேலை. காதில் மாட்டிக்கொண்டு அரிசி களைவேன், மிளகைக் காம்பிலிருந்து உதிர்ப்பேன். ஃபோனையே மொழிபெயர்க்கச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றும். அதையும் செய்து பார்த்தேன். எங்கள் ஊர் சிக்னலில் அது, 'டிரைவர்' என்ற வார்த்தையைத் தவிர மற்றதையெல்லாம் உளறியது. மிஸ்ஸையே கேட்கலாம். ஆனால் அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்ட பிறகு அவளிடம் எப்படிக் கேட்பது? கதையில் ஜீப்பின் பின் சீட்டில் ஒரு பெண் வந்துவிட்டாள். 'சீக்ரெட்' வந்துவிட்டது. 'ப்ராமிஸ்' வந்துவிட்டது. மனைவியிடம் சொல்லவே மாட்டேன் என்று பின் சீட்டுப் பெண் டிரைவருக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறாள். போன மழைக்காலத்தில் எங்கள் ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்தவள் யார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரியாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் கேட்டேன். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே 'கேபேஜ்', 'ஸ்பூன்' என்று எனக்குத் தெரிந்ததையும் கேட்டுவைத்தேன். 'அஷேம்ட்' என்றால் என்ன என்று கேட்ட அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள்.

"வெக்கப்படறது, கூனிப்போறதும்மா. ஸ்பூனுக்கு அப்பறம் இதையா வெக்கறாங்க உங்க மிஸ்?"

"பாடத்துல வருது கண்ணு. நீ சாப்புட்டியா?" என்று பேச்சை மாற்றினேன்.

ஃபோனை வைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ரகசியம், சத்தியம், கூனிப்போவது. மூன்றையும் சேர்த்தால் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? இதில் இன்னொன்றும் இருந்தது. செய்வதையும் செய்துவிட்டு, அதை ஒரு பாடமாக்கி எனக்கே அனுப்பி, கேள்வி வேறு கேட்பாளா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோசையை நினைத்தும் வயிறு எரிந்தது.

அந்த வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் மேல் அறைக்கு வந்தது. புருஷன், பொண்டாட்டி, இரண்டு சின்னக் குழந்தைகள். சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், ஜீப்பில் கூட்டிப்போவீர்களா என்று கேட்டார்கள். அவரைக் கேட்காமல் நானே சரி என்று சொல்லிவிட்டேன். முடியாது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணத்தைச் சொல்லட்டும், அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

"காலைல போலாம்னு சொல்லு புள்ள. சாயங்காலம் நொம்ப பனி எறங்குது" என்றார்.

"கொழந்தைங்க ஆசப்படுதுங்க. நான் சொல்லிட்டனுங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் சாவியை எடுத்துக்கொண்டார். குழந்தைகள் முன் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. பனி விழுவதற்குள் காப்பியைக் கூட்டிக் குவிக்க வேண்டும். காதில் கதையை ஓடவிட்டுக்கொண்டு குவிக்க ஆரம்பித்தேன். வழக்கமாக எனக்கு வேண்டிய இடத்துக்குத் தாண்டிப் போய்விடுவேன். அன்று இரண்டு கையும் வேலையில் இருந்ததால் கதை முதலிலிருந்தே தன்பாட்டுக்கு ஓடியது.

தொடக்கத்திலேயே ஒரு வாக்கியம் இருந்தது. சாயங்காலமானால் அந்த டிரைவருக்குப் பாதி ரோடுதான் தெரியும், மீதிப் பாதி கருப்பாக இருக்கும்.

குவித்த காப்பியை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். அதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற வார்த்தைகள். கஷ்டமான வார்த்தைக்குள்தான் களவு இருக்கும் என்று அதையே தோண்டிக்கொண்டிருந்தேன். சுலபமான வாக்கியங்களை இத்தனை நாளும் நான் காதிலேயே வாங்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து வைத்துக் கேட்டேன். இப்போது ஒவ்வொன்றாக வந்தது. டிரைவர் தனியாகச் சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். ஒரு கண்ணில் போன பார்வை போனதுதான், இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு கண்ணைக் காப்பாற்ற, டீக்கடையில் வைத்திருக்கும் சின்ன பாட்டிலிலிருந்து காலையும் மாலையும் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார். ஒருநாள் பனியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள். அவளிடம் சொன்னார். மனைவியிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். வண்டி ஓட்ட மட்டுமே தெரிந்தவன், இனி ஓட்ட முடியாது என்று வீட்டில் சொல்வதற்குக் கூனிப்போகிறான்.

வழக்கமான கேள்விகள் அந்தக் கதையில் இல்லை. இதற்கு முடிவு இன்னும் வரவில்லை, முடிவை நீங்கள் சொல்லுங்கள் என்று மட்டும் இருந்தது. மனைவியிடம் சொல்ல மாட்டேன் என்றவள் மனைவியிடம் சொல்லவில்லை. மாணவிக்குப் பாடம் அனுப்பியிருக்கிறாள்.

நான் முடிவைச் சொல்லிவிட்டிருந்தேன். பனி இறங்குகிற நேரத்தில், அடுத்தவர் குழந்தைகளை ஏற்றி, அவரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தேன்.

ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. எந்த வளைவில் தடுப்புச் சுவர் உடைந்திருக்கிறது, எங்கே சில்வர் ஓக் மரங்கள் ரோட்டோரம் வரை நிற்கின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டு விளக்கே தெரியாத அளவுக்குப் பனி மூடிவிட்டது. குடிகாரனாக இருந்திருக்கக் கூடாதா, வேறு ஒருத்தியோடு போயிருக்கக் கூடாதா, உயிரோடு இருந்தால் போதுமே என்று வாய்விட்டுச் சொன்னேன். நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஜீப் ஊர்ந்துகொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். பக்கத்துச் சீட்டில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

"அண்ணனுக்குப் பாதி வழியில தல சுத்திருச்சுங்க. ஓரமா நிறுத்திட்டாரு. நானே மெதுவா ஓட்டிட்டு வந்தனுங்க" என்று சொல்லிவிட்டு, தூங்கிப்போன சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மாடி ஏறினார். பின்னாலேயே அவர் மனைவியும் மற்றக் குழந்தையும் போனார்கள்.

இவர் இறங்கவில்லை. நான் அவர் பக்கத்துக் கதவோரம் போய் நின்றேன். திட்டுவதற்குத்தான் போனேன். குரல் வேறு மாதிரி வந்தது.

"எந்தக் கண்ணுங்க?"

முன் கண்ணாடிக்கு வெளியே பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொட்டாங்கைப் பக்கம்" என்றார். பிறகு, "யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதானுங்க சொல்லியிருக்கறீங்க. எங்கிட்டத்தான் சொல்லல."

"நீ சந்தேகப்படறதோட இருந்தீன்னா, நானும் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டே வண்டிய ஓட்டிருவேன் புள்ள. உனக்குத் தெரிஞ்சுட்டா அப்பறம் அது நெசமாயிருமில்ல."

நான் நின்றுகொண்டிருந்தது அவருடைய இடது கைப் பக்கம். அங்கே நின்று நான் அழுதுகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியை உருவிக்கொண்டேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.