அத்தானுக்குக் கடைந்த இடியப்ப உரல்

மரத்திடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. வெட்டினாலும், பிளந்தாலும், காயவைத்தாலும், கடைந்து மினுக்கி அலுமாரியில் வைத்தாலும் அது அசைவதை நிறுத்தாது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடினால் சுருங்கும். யூலைப் புழுக்கத்தில் ஊதும். செத்து எத்தனை வருசமானாலும், கொஞ்சம் நனைந்தால் போதும், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். நானும் அப்படித்தான். அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

நாங்கள் குடியேறிய மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நிற்பதில்லை. கார் வெளியே பனியில் கிடக்கிறது. உள்ளே லேத் நிற்கிறது. மரக்கட்டையை அதில் இறுக்கிச் சுழலவிட்டு, உளியை மெல்லக் கொடுத்தால், கட்டை கோப்பையாகும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. முதல்நாள் என் கட்டை கோப்பையாகவில்லை, கழன்று பறந்தது. நான் உளியை எறிந்துவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம் கழிந்தும், ஊரில் குண்டுவிமானத்துக்குப் பயந்து படித்த பாடத்தை உடம்பு மறக்கவில்லை. சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சுவரில் மோதிக் கிடந்த கட்டையையும் பார்த்தாள்.

"பொம்மர் போயிட்டுது. எழும்புங்கோ," என்றாள்.

இப்படிப் பயந்து பயந்து நான் முதன்முதலில் முழுசாகக் கடைந்தது ஓர் ஆஷ் மரக் கோப்பை. எங்கள் தெருவில் பூச்சி தின்ற ஆஷ் மரங்களை நகரசபை வெட்டிப் போட்டிருந்தது. ஒரு துண்டை உருட்டிக்கொண்டு வந்தேன். பச்சை மரம் காயும்போது கோணும் என்று அப்போது தெரியாது. வட்டமாகக் கடைந்தது ஒரு வாரத்தில் முட்டை வடிவாகிவிட்டது. எனக்கு அதுவும் வடிவாய்த்தான் இருந்தது. தலைப்பிள்ளையின் மூக்குக் கோணலென்று யாராவது சொல்வார்களா? அதை நானே யூனியன்வில்லில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஒரு விருந்தன்று கொண்டுபோய் அவவின் கையில் கொடுத்தேன்.

அங்கேதான் அத்தான் இருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். பெரிய வீடு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. அக்காவைக் கட்டியதால் அவர் என்னை "டேய்" என்று கூப்பிடலாம்; நான் "ஓம் அத்தான்" என்று மட்டும் சொல்லலாம். இந்த ஒப்பந்தத்தில் நான் எப்போது கையெழுத்துப் போட்டேனோ தெரியாது. அவர் என் கோப்பையை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, வந்திருந்த சனம் முழுவதுக்கும் கேட்கக் கேட்டார்:

"டேய், உது கோப்பையோ, இல்லாட்டி ஆரும் ஏறி மிதிச்ச தொப்பியோ?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று தெரிந்துவிடுமே.

அதையும் பொறுத்திருப்பேன். அடுத்த பனிக்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கார் ஏறும் டிரைவ்வேயில் அத்தான் நின்று, ஐஸ் உருகுவதற்கு உப்பு வீசிக்கொண்டிருந்தார். மூட்டையில் இருந்து உப்பை அள்ளியது என் கோப்பையால். விளிம்பு வெடித்து, வெள்ளை பூத்து, பழைய பல் மாதிரி இருந்தது.

"டேய், உன்ர கோப்பை சோக்கான சாமான்! உப்பு அள்ள உதைப்போலை ஒண்டும் இல்லை!"

"ஓம் அத்தான்," என்றேன்.

அன்று காரில் திரும்பி வரும்போது மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்," என்றாள். "நான் ஒண்டும் சொல்லேல்லையே," என்றேன். "அதுதான் வேண்டாமெண்டுறன்," என்றாள்.

பழிக்குச் சந்தர்ப்பம் தேடிப் போகவேண்டி இருக்கவில்லை. அதுவாகவே போன் எடுத்துக் கூப்பிட்டது.

அத்தானுக்கு ஒரு பவிசு இருக்கிறது. வீட்டில் விசேஷம் என்றால் இடியப்பம் அவர்தான் பிழிவார். மா குழைப்பது அக்கா, அவிப்பது அக்கா, சொதி வைப்பது அக்கா, சம்பல் இடிப்பது அக்கா. கடைசியில் அத்தான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து, சனம் சுற்றிநின்று போனில் படம் பிடிக்க, மாவை அமத்திப் பிழிகிற உரலைச் சுழற்றிச் சுழற்றித் தட்டுகளில் பிழிவார். "ஆம்பிளைப் பலம் வேணும் உதுக்கு," என்பார். ஊரில் இருந்து கொண்டுவந்த மர உரல், இந்தக் காய்ந்த ஹீற்றர் காற்றில் வெடித்துப்போயிற்றாம். அறுபதாவது பிறந்தநாள் வருகிறதாம்.

"நீதானே மரம் கடையிறாய். எனக்கொரு உரல் கடைஞ்சு தா. ஆனா டேய், உப்பு அள்ளுறமாதிரி வேண்டாம்!"

போனிலும் அவருக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"ஓம் அத்தான்," என்றேன்.

அன்றுதான் என் மரங்களை முதன்முறையாக வேறு கண்ணால் பார்த்தேன். மற்ற நாட்களில் நான் அழகைப் பார்த்து மரம் தெரிந்தெடுப்பேன். செரி மரம் என்றால் வெயில் படப்பட நாட்டுச் சர்க்கரை நிறத்துக்கு வரும். வால்நட் கடையும்போது வருகிற வாசம் வேறெதற்கும் இல்லை. வேலியோரம் வெட்டிப்போடுகிற லைலாக்கின் உள்ளே ஊதா ரேகை ஓடும். இந்தமுறை நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்களில் யார் காட்டிக்கொடுப்பீர்கள்?

செரி நல்ல பிள்ளை, உதவாது. வால்நட்டின் சாயம் ஈர மாவில் இறங்கினால் இடியப்பம் சாம்பல் நிறமாகும். அது பரவாயில்லைதான், ஆனால் கேழ்வரகில் செய்த "குரக்கன் இடியப்பம்" என்று சொல்லி அத்தான் தப்பிவிடுவார். மேப்பிள் மிகவும் நேர்மை. கடைசியாக அப்பிள் கட்டையில் கை வைத்தேன். பாரமான, இறுகின, கடையும்போது பழவாசம் வீசுகிற மரம். ஈரத்துக்கு இதைப்போல ஆடுகிற மரம் என் கராஜில் வேறில்லை. எனக்கு அது எப்போதுமே பிடித்த மரம். ஏனென்று அன்றுதான் விளங்கியது.

உரலின் வெளிக்கூட்டை நேர்மையான மேப்பிளில் கடைந்தேன். உள்ளே இறங்கி மாவை அமத்துகிற கட்டையை அப்பிளில், அதுவும் நார் குறுக்காக ஓடும்படி வைத்துக் கடைந்தேன். கடைவதற்கு முன் அந்தக் கட்டையை ஹீற்றரடியில் வைத்து எலும்பு மாதிரிக் காயவிட்டேன். பிறகு மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் பொருத்தினேன். கட்டையை இறக்கினால் உள்ளிருந்த காற்று "புஸ்" என்று சீறும். அவ்வளவு அழகான பொருத்தத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை, பிறகும் செய்யவில்லை. கொதிதண்ணீர் விட்டுக் குழைத்த மா அதில் பட்டதும், காய்ந்த கட்டை தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் ஊதும், ஊதினால் இறுகும். பொருத்தம் எவ்வளவு திறமோ அவ்வளவு விரைவாக. சனத்துக்கு நடுவில், போன்களுக்கு முன்னால், ஆம்பிளைப் பலத்தோடு.

"அத்தானுக்கெண்டு எவ்வளவு அன்பாய் மினுக்கிறார் பார்," என்றாள் மனைவி. அவள் சொன்ன விதத்தில் அன்பு இருக்கவில்லை.

அத்தான் உரலை வாங்கி, கட்டையை மேலும் கீழும் இழுத்து, "புஸ்"ஸைக் கேட்டு மயங்கிப்போனார். வெறும் உரலைப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார். "பிறந்தநாளிலைதான் முதல் பிழிச்சல்," என்று ரிப்பன் கட்டிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் நித்திரை கொண்ட காலம் இல்லை.

பிறந்தநாள் நெருங்கிய ஒரு காலை அக்கா போன் எடுத்தா. "அத்தான் டிரைவ்வேயிலை சறுக்கி விழுந்திட்டார். தோள்மூட்டு. பயப்பிட ஒண்டுமில்லையாம், ஆனா கையைக் கட்டிவிட்டிருக்கு."

"எப்பிடியக்கா விழுந்தவர்?"

"உப்புப் போடப் போய்த்தான். உன்ர கோப்பையும் கையுமாய்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் ஆஷ் கோப்பை, அந்த மிதிபட்ட தொப்பி, எனக்கு முன்னமே வேலையைத் தொடங்கிவிட்டது! சிரித்து முடித்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தா.

"...ஆனபடியால் இடியப்பம் நீதான் பிழியவேணும். உரல் கடைஞ்சவன் நீதானே. அத்தானும் அதுதான் சரியெண்டுறார்."

என் காதுக்குள் "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கம். எண்ணெய் பூசவேண்டும், உரலைத் தாருங்கள் என்று கேட்டேன். "இருக்கிறபடி சோக்காய் இருக்கு, தொடாதை," என்றார் அத்தான். எனக்கும் தோள் நோகிறது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்தத் தோள்?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். யோசித்ததோடு அது முடிந்தது. பிறந்தநாளன்று கோட் பைக்குள் மரம் தேய்க்கிற அரத்தாளை மடித்து வைத்துக்கொண்டு யூனியன்வில்லுக்குப் போனேன். என் மானம் போகாமல் இருப்பதற்கு ஒரே வழி, நான் செய்த அழகான வேலையை நானே கெடுப்பது.

சனம் வரத் தொடங்கியிருந்தது. உரலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கீழ்வீட்டு வோஷ்றூமுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். கட்டையை எடுத்து அரத்தாளால் சுற்றித் தேய்த்தேன். அப்பிள் வாசம் கிளம்பியது. கறுப்புக் காற்சட்டை முழுக்க மரத்தூள். பாதி தேய்க்கவில்லை, கதவில் தட்டு.

"டேய், உள்ளுக்கை என்ன அரியிற சத்தம்? வயித்தைக் கியித்தைக் கலக்கிப்போட்டுதோ?"

"ஓம் அத்தான்," என்றேன்.

அவர் அதை மேலே போய் எல்லாருக்கும் சொன்னார். நான் ஏறி வரும்போது ஓர் அன்ரி, "தம்பி, ஓமத்தண்ணி தரட்டே?" என்று கேட்டா.

பிழியத் தொடங்கினேன். முதல் தட்டு இலேசாக விழுந்தது. இரண்டாவதும் நன்றாய்த்தான் விழுந்தது. அரத்தாள் காப்பாற்றிவிட்டது என்று நினைத்து, அத்தானைப் போலவே உரலைச் சுழற்றிக்கூடக் காட்டினேன். பிறகு கட்டை மெல்லக் கனத்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது தெரியாது. என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஆவி ஏற ஏற அப்பிள் குடித்துக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை புருவத்துக்கு வந்தது. போன்கள் என்னைப் பார்த்தன.

கட்டுப்போட்ட கையோடு கதிரையில் இருந்த அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டேய், காலமை சாப்பிட்டனியோ? மரத்தோடை மல்லுக்கட்டுறவனுக்கு மாவோடை ஏலாமல் கிடக்கு! உதுக்குத்தான் சொல்லுறது, ஆம்பிளைப் பலம் வேணுமெண்டு!"

அந்த இடத்தில் என் பயம் நின்றது. எப்படி நின்றது என்று எனக்கே தெரியாது. நான் உரலை மெதுவாக மேசையில் வைத்து, நெற்றியைத் துடைத்து, அவரைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்கள் வேண்டாம் அத்தான். உங்களாலை ஏலாது. கை நோகும்."

நான் தடுக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. படத்தில்கூட இருக்கிறது. ஆனால் எந்தக் குரலில் தடுத்தால் அத்தான் கதிரையை விட்டு எழும்புவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தள்ளு!" என்றார்.

நல்ல கையால் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து, வயிற்றையும் கொடுத்து அமத்தினார். கட்டை கொஞ்சம் இறங்கியது. நின்றது. அத்தான் சிவந்தார். இன்னும் அமத்தினார். ஓர் இழை, ஒரேயொரு இழை இடியப்பம், உரலில் இருந்து இறங்கி அவர் போட்டிருந்த புதுச் சேட்டில் தொங்கியது. கட்டையை இழுத்துப் பார்த்தார்; உரல் முழுவதும் கூடவே வந்தது. உதறினார். வரவில்லை. மேசையில் ஒரு குத்துக் குத்தினார். சம்பல் துள்ளியது. அவருடைய பேரப்பிள்ளை ஒன்று, "தாத்தா, you're stuck!" என்று கத்தியது.

அக்கா அடுப்படியில் இருந்து வந்தா. "நல்லாய்ப் பிழிஞ்சுகொண்டு நிண்டவனைத் தள்ளிப்போட்டு உங்களை ஆர் உதுக்குள்ளை போகச் சொன்னது? புது உரல்! என்ர தம்பி பாடுபட்டுக் கடைஞ்ச உரலை இறுக்கிப்போட்டு நிக்கிறியளே!"

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் எவ்வளவோ காலம் வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்ததை, மிகவும் பணிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"பரவாயில்லை அத்தான். உப்பு அள்ளலாம்."

முதலில் சிரித்தது அக்கா. பிறகு வீடு முழுவதும் சிரித்தது. மிச்ச இடியப்பத்தை அக்கா தன்னுடைய பழைய அலுமினிய உரலில், பேச்சில்லாமல், எங்கள் இரண்டு பேரையும்விட வேகமாகப் பிழிந்து முடித்தா.

நாங்கள் வெளிக்கிடும்போது அத்தான் கராஜுக்குள் போய், என் பழைய கோப்பையில் கிடந்த உப்பைக் கொட்டிவிட்டு, அதைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "டேய், வேணுமெண்டே செய்தனி?"

"எதை அத்தான்?"

அவர் கட்டுப்போட்ட கையைச் சரிசெய்துகொண்டார். "ஒண்டுமில்லை," என்றார்.

இறுகின உரலையும் கொண்டுவந்து ஹீற்றரடியில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் கட்டை காய்ந்து தானாகவே கழன்று விழுந்தது. மரத்திடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்: காய்ந்தால் மன்னித்துவிடும். ஆனால் பிடியில் அத்தானின் விரல்கள் மாவாகக் காய்ந்து அச்சுப் பதிந்திருந்தன. அதை அளந்து எடுத்தேன்.

பிறகு அக்காவுக்கென்று ஒரு உரல் கடைந்தேன். முழுக்க மேப்பிள். தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு, கட்டை தாராளமாகப் போய்வர இடைவெளி விட்டு, பிடிகளை, எடுத்து வைத்த அத்தானின் அளவைவிடச் சின்னதாக, அவவின் கைக்கு மட்டும் அளவாகச் செய்தேன். அது கிடைத்த அன்றைக்கே அத்தான் போன் எடுத்தார்.

"டேய், உரல் திறம். ஆனா பிடி சின்னனாய் இருக்கு. என்ர கை கொள்ளாது."

"ஓம் அத்தான்," என்றேன்.