திருப்பி விட்டாச்சு

என் கணவர் என்னை விட்டுப் போனபோது, போனது அவரே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் சொன்னவர் என் மாமியார்.

"என் புள்ள இப்படிச் செய்யற ஆளே இல்ல. எவளோ சோத்துல மருந்து வச்சிட்டா லா."

என் கணவர் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டில் போய்த் தங்கிவிட்டார். மாமியாரும் நானும் சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டிலேயே இருந்தோம். மகன் இல்லாத வீட்டில் என்னைத் தனியாக விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஷிப்ட் முடிந்து நான் வரும்போது சுடுதண்ணீர் வைத்திருப்பார், கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுவார். அதனால்தான் அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நானும் போனேன்.

அப்படிப் போன இடம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தாமான் குடியிருப்பு வீடு. ஏர்கோன் போட்ட முன்னறையில், செய்வினை எடுக்கும் ஒரு சாமி உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயது குறைந்தவர். கணவரின் படத்தை மாமியார் முன்பே போனில் அனுப்பியிருந்தார். சாமி எலுமிச்சையை அறுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் பிழிந்தார்.

"ஒரு பொம்பள மருந்து குடுத்திருக்கா. தண்ணி கலங்குது பாருங்க."

எலுமிச்சை பிழிந்த தண்ணீர் கலங்காமல் என்ன செய்யும்?

"எடுத்தா மட்டும் போதுமா, வச்சவங்களுக்கே திருப்பி விடணுமா?" என்று கேட்டார். இங்கேயே சாப்பிடுறீங்களா, கட்டிக் கொடுக்கவா என்று கடையில் கேட்பார்களே, அதே குரல்.

"எடுத்தா போதும்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா" என்றார் மாமியார். "திருப்பி விடுங்க சாமி. அந்தக் கையாலதான மருந்து வச்சா? அந்தக் கை வெளங்கக் கூடாது."

"அவங்க வச்சத நாம பாத்தோமா அத்தை?"

"பெரியவங்க சொல்றத செய்வோம்" என்றார் சாமி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் கணவர் திரும்பி வந்தார், ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் துணியோடு. மாமியார் வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கணவர் சோபாவில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"தலையில என்னமோ கனமா இருந்துச்சு. இப்பதான் எறங்குன மாதிரி இருக்கு."

என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

சில வாரங்களில் அந்தச் சாப்பாட்டுக் கடைப் பெண் எனக்குப் போன் செய்தார். ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார். பட்டர்வொர்த் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். என்னைவிட மூத்தவர், காதோரம் முழுக்க நரை. நான் நினைத்து வைத்திருந்த ஆள் அவரில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் தட்டில் சிந்தியது.

"தங்கச்சி, அத எடுத்துடச் சொல்லும்மா."

மாமியார் அவருக்குப் போன் செய்திருக்கிறார். 'உன் மருந்த உனக்கே திருப்பி விட்டாச்சு, இனி உன் கை வெளங்காது' என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வலக்கை நடுங்குகிறதாம். எண்ணெய்ச் சட்டியைத் தூக்க முடியாமல் கடையை மூடிவிட்டார். டாக்டர் ஒன்றும் இல்லை என்றாராம்.

"நீங்க மருந்து வச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைக்கிறதா இருந்தா அவரு வாய மூடறதுக்கு வச்சிருப்பேன். நான்தான் தங்கச்சி அவரைப் போகச் சொன்னேன். கொழம்புச் சட்டியத் தூக்கிச் செவுத்துல அடிச்சாரு. அன்னிக்கே துணியப் பையில போட்டு வாசல்ல வச்சிட்டேன்."

எங்கள் சமையலறைச் சுவரிலும் அப்படி ஒரு கறை இருந்தது. அதன்மேல் சாயம் அடித்தது நான்தான்.

"அப்ப அந்தச் சாமி சொன்னது அத்தனையும் பொய். உங்கமேல எதுவும் இல்ல, பயப்படாதீங்க" என்றேன்.

அவர் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது என்ன?"



வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "போன் பண்ணி எடுத்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

"மாட்டேன். பயந்துகிட்டே கெடக்கட்டும்."

"அவங்க ஒன்னுமே வைக்கலையாம் அத்தை."

"வச்சவ வச்சேன்னு சொல்லுவாளா?"

எனக்குத் தைலம் தேய்த்துவிட்ட அதே மனுஷிதான் பேசிக்கொண்டிருந்தார். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முகம் தெரியாத ஒருத்தியின் கை விளங்காமல் போக வேண்டும் என்று ஆள் பிடித்து, மணி அடித்து, அதை அவள் காதிலும் போட்ட பிறகு, மந்திரம் உண்டா பொய்யா என்று பேசி என்ன ஆகப் போகிறது? இத்தனையிலும் இன்னொருவர்மேல் எதையோ ஏவியது எங்கள் வீடு மட்டும்தான்.

நானே அவருக்குப் போன் செய்தேன். "சாமிகிட்ட போயி எடுத்துட்டேன் அக்கா" என்று பொய் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைச் சத்தம். பிறகு கடையைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பெரிய சட்டியை மட்டும் இப்போது வேறு ஆள் தூக்குகிறாராம்.

அந்தப் போன் செய்த அன்று மாலையே கணவரிடம் கேட்டேன். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுங்க. என்கிட்டயும்."

"எதுக்கு? அப்ப நான் சுயபுத்தியிலேயே இல்ல."

"சட்டியத் தூக்கி அடிச்சது?"

"அதுவும் அந்த மருந்துதான் லா."

"அதுக்கு முந்தின வருசம் நம்ம வீட்டுல அடிச்சீங்களே?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"அப்பவே ஆரம்பிச்சிருப்பா" என்றார் மாமியார்.

கணவர் தலையாட்டிக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நான் இப்போது வேறு அறையில் படுக்கிறேன். மாமியாரோடு தேவைக்கு மட்டும் பேச்சு. போன மாதம் கீழ் மாடியில் இருக்கும் ஒரு பெண், தன் கணவரின் போக்கு சரியில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். மாமியார் சாமியின் நம்பரைத் தேடி எடுத்தார். "என் மருமகளையே கேளு. புருஷன் வீட்டுக்கு வந்துட்டாருல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"வந்தாரு" என்றேன். "அவங்க தொரத்தி விட்டாங்க, வந்தாரு."

அவள் என்னைப் புரியாமல் பார்த்துவிட்டு, நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டாள்.