சாச்சி வீட்டுப் புகைக்கூடு

எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதிகம், பாய்கள் குறைவு. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, கட்டாருக்குப் போனபோது, அவருடைய மனைவி, எங்கள் சாச்சி, தனியே படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவதென்று முடிவாயிற்று. மூத்த ராத்தாவுக்குப் பரீட்சை. அடுத்த ராத்தாவுக்கு இருட்டென்றால் பயம். தம்பி உம்மாவின் முந்தானையை விடமாட்டான். மிஞ்சியது நான்தான். எனக்கு என்ன பயம் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி, ஒரு தலையணையும் கையுமாக அனுப்பிவைத்தார்கள். நான் பெரிய பிள்ளையாகும் வரை அங்கேதான் படுத்தேன்.

புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை போவது வழக்கம். அந்தப் பிள்ளைக்கு யார் துணை என்பதைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை. எங்கள் வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு வெறுங்காணிதான். பொழுது சாயும் மஃரிபு நேரம் உம்மா மற்றப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவது அங்கே தெளிவாகக் கேட்கும். என் பெயர் அதில் இருக்காது. சாச்சி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகை வரும். ஆனாலும் அழுதால் துணைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அடக்கிக்கொள்வேன்.

புத்தளம் தில்லையடியின் கடைசியில், கடல்நீர் தேங்கும் களப்பைப் பார்த்தபடி நிற்கும் வீடு அது. உப்புக்காற்றில் யன்னல் கம்பியெல்லாம் துருவேறி, தொட்டால் விரலில் ஒட்டும். அந்த வீட்டை ஊரே அறியும், ஏனென்றால் அதன் முன் ஹோலில் குளிர்காய்வதற்கென்று சுவருக்குள் ஒரு அடுப்பும், கூரைக்கு மேலே செங்கல்லில் ஒரு புகைக்கூடும் இருந்தன. குசினிக்கு உள்ள புகைக்கூடு எல்லார் வீட்டிலும் உண்டு. வியர்வை துடைக்கத் துவாயோடு திரிகிற புத்தளத்தில் குளிர்காய அடுப்புக் கட்டிய மனிதர் சாச்சா ஒருவர்தான்.

அவர் முன்பு லொறியில் கருவாடு ஏற்றிக்கொண்டு மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போய்வருகிறவர். அங்கே பங்களாக்களின் புகைக்கூடுகளைத் துப்புரவாக்கும் ஒருவருடைய வீட்டில் ஒரு குளிர்நாள் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த மகளைத்தான் பிறகு நிக்காஹ் செய்துகொண்டு வந்தார். அந்த வீட்டில் குளிர்காய்ந்த நெருப்பை விட்டுவிட்டு வருகிறோமே என்று சாச்சி கண் கலங்கியபோது, அதையும் உனக்குக் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம். மேசன் பாஸுக்கு அப்படியொன்றைக் கட்டிப் பழக்கமில்லை. சாச்சா நிலத்தில் கரியால் படம் கீறிக் காட்டிக் கட்டுவித்தார். உப்பளத்துக்கு உப்பு மூட்டை கொண்டுபோகிறான் என்று வாப்பா சொன்னார். ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதவன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

முதல் மாரிக்காலத்தில் அதை மூட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே சோவென்று மழை. சாச்சா மலைநாட்டில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெருப்புக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை வழிந்தது. பார்க்க வந்த அயலவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காற்று வாங்க மழைக்குள் இறங்கிப் போனார்கள். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைக்குப் போனால் பெண்கள் அவருடைய மலைநாட்டுப் பேச்சைச் சொல்லிக்காட்டிப் பகிடி பண்ணுவார்கள் என்று வாயைத் திறக்காமலே இருந்த மனுஷி அவர். அன்றைக்கு அவருக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக் கடனுக்காகத்தான் சாச்சா கட்டாருக்குப் போனார். அடுத்த மாரிக்கு வந்துவிடுவேன், வந்து என் கையால்தான் நெருப்பு மூட்டுவேன், அதுவரைக்கும் மூட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சாச்சி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். யாராவது “உங்கட மாப்புள எப்ப வாரார்?” என்று கேட்டால், “மாரிக்கு” என்பார். மாதத்தைச் சொல்வதுபோல அவ்வளவு உறுதியாகச் சொல்வார்.

போவதற்கு முந்திய இரவு சாச்சா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாச்சி பகல் முழுவதும் எங்கள் குசினியில் உம்மாவோடு சேர்ந்து பயணத்துக்குத் தொதல் இனிப்புக் கிண்டிக்கொண்டிருந்தார். சாச்சா சோற்றில் கை வைக்கும்போது நகத்துக்குள் சீமெந்து ஒட்டியிருந்ததை உம்மா கண்டு, பயணக்காரனுக்கு இது என்ன வேலை என்று கேட்டார். கிணற்றுக்கட்டில் வெடிப்பு இருந்தது, பூசிவிட்டேன் என்றார் சாச்சா. போகிற நேரத்திலும் பெண்சாதி தண்ணீர் அள்ளுகிற இடத்தை நினைக்கிறாரே என்று உம்மா வாப்பாவைச் சாடையாகப் பார்த்தார். வாப்பா குனிந்து சாப்பிட்டார்.

அவர் போன பிறகு அந்த வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. சாச்சி சமைப்பார், தொழுவார், முற்றம் கூட்டுவார். பின்னேரத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு களப்பைப் பார்ப்பார். நான் பாடம் படிப்பேன். இரண்டு பேரும் ஒரே ஹோலில் இருந்தாலும் பேச ஒன்றும் இருக்காது. ஆரம்பத்தில் தினமும் வந்த போன் கோல் பிறகு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்றாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் சாச்சி தலை சீவி, உடுப்பு மாற்றிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்காருவார். முகம் தெரியாத கோலுக்கு உடுப்பு எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வரும்.

காற்றுத் திரும்பி, களப்புப் பக்கம் கறுப்பாக மேகம் கட்டத் தொடங்கியதும் சாச்சிக்கு ஒரு சுறுசுறுப்பு வந்தது. மழைக்கு முன்னால் புகைக்கூட்டைத் துப்புரவாக்க வேண்டும் என்றார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. மலைநாட்டில் வருடாவருடம் இதைச் செய்யாவிட்டால் உள்ளே படிந்த கரி ஒரு நாள் தீப்பிடித்துக்கொள்ளுமாம். ஆட்கள் இல்லாத பங்களாவென்றால் குருவி கூடு கட்டிவிடும், அது தெரியாமல் மூட்டினால் புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பும், தூக்கத்தில் செத்துப்போனவர்களும் உண்டாம். தேங்காய்த் தும்பைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து நீளக் கயிற்றின் நடுவில் முடிய வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். மாறிமாறி இழுக்க வேண்டும். தன் வாப்பா மேலே நிற்பார் என்றும், தானோ கீழே நின்று இழுத்து முகமெல்லாம் கரியாகிவிடுவதாகவும் சொன்னார்.

முதலில் அடுப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். வானம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிந்தால் வழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் தெரியவில்லை. காகம் கூடு கட்டியிருக்கும் என்றார். அதிலும் அவருக்குச் சந்தோஷம்தான், செய்வதற்கு வேலை கூடியிருக்கிறதல்லவா.

ஆம்பிளைகளைக் கூப்பிட்டால் மறுபடியும் பகிடி தொடங்கும். சாச்சி கூரையில் ஏறினால் ஊர் கூடிவிடும். அதனால் ஆம்பிளைகள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஏணியைக் குசினிப் பக்கத்துப் பதிந்த கூரையில் சாய்த்து என்னை ஏற்றிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொய்யா மரத்தில்கூட இனி ஏறக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்த காலம் அது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஓட்டில் தவழ்ந்து, புகைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“என்ன மகள், காக்கக் கூடா?” என்று சாச்சி முற்றத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்.

“கூடு இல்ல சாச்சி. தகரம் போட்டு மூடிரிக்கி.”

சாச்சி கொஞ்சம் சிரித்தார். “மழத் தண்ணி வரும்ன்டு போட்டீப்பார். மேல ஈக்குற கல்ல எடுத்து அங்கால வெச்சிட்டு, தகரத்த மெல்லமாத் தள்ளுங்க.”

“கல்லு இல்ல. சுத்திவரச் சீமெந்து பூசிரிக்கி.”

 சாச்சி சுரண்டிப் பார்க்கச் சொன்னார். மண்ணாக இருக்கும், காய்ந்தால் சீமெந்துபோலத்தான் தெரியும் என்றார். நான் சுரண்டினேன். நகம் வலித்தது.

“சீமெந்துதான் சாச்சி. நல்ல கெட்டி. கையாலதான் பூசிரிக்கி, விரல் அடையாளமெல்லாம் தெரியுது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது.”

மேசன் வேலை பார்க்க வந்தவர்கள் சொல்வதுபோல அதைப் பெரிய தோரணையோடு சொன்னேன். சுத்தியல் தந்தால் உடைத்துவிடலாம் என்றும் சொன்னேன். சாச்சி வேண்டாம், இறங்கி வாருங்கள் என்றார். இறங்கி வந்தபோது அவர் முற்றத்தில் இல்லை. கிணற்றடியில் நின்றார். எனக்குக் கால் கழுவத் தண்ணீர் அள்ளத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வாளியைத் தொடவில்லை. கிணற்றுக்கட்டின் பழைய வெடிப்பில் விரலை வைத்து, அது போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டே சுற்றிவந்தார். புல் முளைக்கிற அளவுக்கு அகலமான வெடிப்பு.

“கல்லு வெச்சீந்தா எடுக்கலாம், மகள்” என்றார்.

கல் வைத்தால் கச்சான் காற்றுக்குத் தகரம் பறந்துவிடும், சீமெந்துதான் நல்லது என்று நான் விளக்கம் சொன்னேன். சாச்சி தலையை ஆட்டினார். அன்று இரவு அவருக்குப் பசிக்கவில்லை. பொரித்த மீன் எல்லாவற்றையும் என் சோற்றுக் கோப்பையில் போட்டார். எனக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை கோல் வந்தது. சாச்சி அன்றைக்குத் தலை சீவவில்லை. போனைப் பெரிய சத்தத்தில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, தும்பு முடிந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினார். சாச்சா ஊர் நடப்பெல்லாம் கேட்டார். மழை தொடங்கிவிட்டதா என்று கேட்டார்.

“இன்னம் இல்ல” என்றார் சாச்சி. “புகைக்கூட்டத் துப்புரவாக்கிட்டன். மேல பாத்தா வானம் தெரியுது. நீங்க வந்து பத்த வெக்கிறதுதான் மிச்சம்.”

அந்தப் பக்கத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“ஓம்” என்றார் சாச்சா கடைசியில். “இன்ஷா அல்லாஹ். வந்த ஒடனே பத்த வெப்பம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாச்சி ஏன் இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறார்? சாச்சாவும் தான் பூசியதை மறந்துவிட்டாரா? பாவம், வெளிநாட்டில் வேலை கூட, மறந்திருப்பார், நினைவுபடுத்தினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, சாச்சா, நீங்கள் பூசினது இன்னும் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாச்சி எட்டி என் வாயைப் பொத்தினார். கோல் முடியும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. 

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷன் பயணத்துக்கு முதல்நாள், யாருடைய உதவியும் இல்லாமல், வெயிலில் கூரைமேல் ஏறி, மழைத்துளி விழாதபடி பார்த்துப் பார்த்துப் பூசிவைத்திருக்கிறார். அதற்கு ஒரு நல்ல வார்த்தையும் இல்லை, சொல்ல வந்தவளையும் சொல்ல விடவில்லை. காலையில் முதல் வேலையாக வெறுங்காணியைத் தாண்டி ஓடி, உம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தகரம், சீமெந்து, விரல் அடையாளம், கிணற்றடி, போனில் சொன்ன பொய் எல்லாம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மா துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கிணற்றுக்கட்டு வெடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் இரண்டாம் தரம் கேட்டார். பிறகு கையைக் கழுவி, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் இருந்ததையும் இறக்காமல் சாச்சி வீட்டுக்கு நடந்தார்.

நானும் பின்னால் போனேன். உள்ளே வர வேண்டாம் என்றார் உம்மா. யன்னலால் பார்த்தேன். குளிர்காயும் அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து உம்மா வெளியே வந்தபோது, கதவோரம் நின்ற சாச்சியின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. உம்மா அவரை நன்றாக ஏசித்தான் இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஏசட்டும், சாச்சா அவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, மனம் ஆறி, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன்.