டெஸ்ஸாவின் சோள மணல்

எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் இரண்டு கட்சி உண்டு. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்து நிரப்புகிறவர்கள் நாங்கள். எதைப் போட்டுச் சுத்தம் செய்வது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி தண்ணீரில் எஃகு ஊசிகளைப் போட்டு உருட்டும். மற்றது அதிரும் தொட்டியில் உலர்ந்த தூளைப் போடும்: அழுக்குக்கு வால்நட் ஓடு, பளபளப்புக்கு மக்காச்சோளக் கட்டை. என் நண்பன் வெர்லின் ஸ்டோக்கி சோளக் கட்சி.

"ஊசின்னா அப்புறம் கூட்டையெல்லாம் காயவைக்கணும், ஊசிய ஒண்ணொண்ணா பொறுக்கணும். எனக்கென்ன வேற வேலை இல்லையா?" என்பான்.

"இருக்கிற மாதிரி பேசாதடா" என்பேன்.

எங்கள் மொன்டானா பனியில் அவன் வேலை பார்த்த மரம் அறுக்கும் ஆலை மூடிவிட்டால் அவனுக்கு இருந்தது அந்தத் தொட்டியும் நான்கு வயது மகள் டெஸ்ஸாவும்தான். மனைவி டார்லா பிரிந்து பில்லிங்ஸ் நகருக்குப் போனபோது, அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று குழந்தை அழுதாள். டார்லாவும் மனசில்லாமல் விட்டுவிட்டுப் போனாள்.

துணி துவைக்கும் அறையில் தொட்டி ஓடும். வீட்டில் கதகதப்பான இடமும் அதுதான். தூள் கருத்துப்போனால் மாற்றவேண்டும். வெர்லின் மகா கஞ்சன், வீச மனம் வராது. பழைய தூளை ஒரு மரப்பெட்டியில் கொட்டிக் குழந்தையிடம் கொடுத்தான். வெளியே இடுப்பளவு பனி, உள்ளே அவளுக்கு மணல். அதில் வீடு கட்டினாள், பொம்மைக்குக் கேக் செய்தாள், விரலையும் நக்கினாள்.

சுட்ட கூட்டில் கரியோடு ஈயமும் ஒட்டியிருக்கும். கூடு வெளுத்தால் அந்த ஈயம் தூளுக்குப் போயிற்று என்று பொருள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டியைத் திறக்கும்போது வெர்லினே மூச்சை அடக்கிக்கொள்வான். பெற்ற பிள்ளையின் கையில் நஞ்சைக் கொடுத்திருக்கிறோம் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை. இப்போது நினைத்தாலும் அவனை அறையத் தோன்றுகிறது. கூடவே அழுகையும் வருகிறது.

பனி உருகும் சமயம், வாய் ஓயாமல் பேசிய குழந்தை பேச்சைக் குறைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள், ஈயம் இருந்தது. டார்லா அன்றே வந்து தூக்கிப் போனாள். நீதிமன்றமும் அவள் பக்கமே நின்றது. அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

வெர்லின் தொட்டியை உடைத்தான், தரையைப் பெயர்த்தான், துப்பாக்கிகளை விற்றான். கழகத்துப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. மாதத்தில் ஒரு மதியம், அரசு அலுவலகப் பெண்மணி ஒருத்தி கூட இருக்க, மகளைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். நான்தான் அவனை வண்டியில் கூட்டிப் போவேன்.

போன தடவை டெஸ்ஸா ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். "அப்பா, தூக்கு."

அவன் பின்னால் நகர்ந்தான். "இரும்மா, அப்பா கை கழுவிட்டு வந்துடறேன்."

குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். "போதும்டா வெர்லின். சுத்தமாத்தான் இருக்கு, வா. புள்ள காத்துக்கிட்டிருக்கா."

"இன்னும் ஒரு தடவ" என்றான்.

அவன் வெளியே வந்தபோது முழங்கைவரை தோல் சிவந்து கிடந்தது. டெஸ்ஸா அந்தப் பெண்மணியின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். நேரமும் முடிந்திருந்தது.