அழகாக ஏறிய கோடு

கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் எடுத்த சர்வேயை நேற்று ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வேலையில் சேர்ந்து வருடம் ஏற ஏற, கட்சிக் கூட்டத்துக்குப் போவதும் ஏறியது. கோடு அவ்வளவு அழகு. ‘அனுபவம் அரசியல் ஆர்வத்தை வளர்க்கிறது’ என்று அறிக்கையில் எழுதியும் விட்டேன்.

இன்று கவரைப்பேட்டையில் பஸ் ஏறிய ஓர் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை.

“கட்சிக் கூட்டத்துக்குப் போய்க்கினு இருக்கேன் மேடம். ஒண்ணு வுடமாட்டேன்.”

“சர்வேயிலயும் அப்படித்தானே எழுதுனீங்க?”

“போறதே இல்லன்னு எழுதுனேன். எழுதுன ஃபாரத்த வாங்குனது சூப்பர்வைசராச்சே! பர்மனென்ட் ஆளுங்களுக்கு இன்னா, தைரியமா எழுதுவாங்க. காண்ட்ராக்ட்ல எல்லாருமே புதுசு. நாளைக்கே வராதன்னுட்டா?”

“பேர் எழுத வேண்டாம்னு சொன்னேனேக்கா.”

“பேரு இல்லன்னா இன்னா மேடம்? எத்தினி மாசமா வேலைன்னு கேட்டீங்களே. எங்க லைன்ல எட்டு மாசம் ஆன பொம்பள நான் ஒருத்திதான்.”

அந்தக் கேள்வியைச் சேர்த்தது நான். ஃபாரங்களை வாங்கி வைக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கொடுத்ததும் நான்.

கோடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அது அளந்தது ஆர்வத்தை அல்ல, பயம் குறைவதை.

நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். புள்ளியியல் படித்தவர்கள் வழி சொல்லுங்கள். படிக்காதவர்களும் சொல்லலாம்; இன்று எனக்குப் பாடம் எடுத்தவர் படித்தவர் இல்லை.